அடியாளின் வரவுத்தாளம்: உளவுத் திரைப்படங்களின் பின்னணியிசை பற்றிய ஒரு நோக்கு

தமிழ்த் திரையிசை பற்றி இதுகாறும் எழுதப்பட்டவற்றை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து ஓருண்மை தெளிவாகப் புலப்படும். அவற்றுட் பெரும்பகுதி பாடல்கள் பற்றியது. மெட்டு எந்த இராகத்தின் சாயலைக் கொண்டது, பாடியவர் குரல் எத்தகையது, பாடலாசிரியர் எதனை மனத்திற்கொண்டு அவ்வடிகளை எழுதினார் என்பனவே மீண்டும் மீண்டும் பேசப்பட்டுள்ளன. பாடலுக்கும் பாடலுக்குமிடையே, உரையாடலின் கீழும் சண்டையின் மேலுமாக ஓடிக்கொண்டிருக்கும் பின்னணியிசை ஆய்வாளரின் கவனத்தை அதிகம் ஈர்க்கவில்லை. இதற்குக் காரணம் தேடி வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. இசைத்தட்டிற் பதிவாகி விற்பனைக்கு வந்தது பாடல். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை வீடுகளுக்கும் தேநீர்க் கடைகளுக்கும் கொண்டுவந்து சேர்த்ததும் பாடலே. பின்னணியிசையோ படம் முடிந்து விளக்கெரிந்ததும் மண்டபத்திலேயே விட்டுவரப்பட்டது.

இவ்வாறு புறக்கணிக்கப்பட்ட பின்னணியிசைக்குள்ளும் மிகக் கூடுதலாகப் புறக்கணிக்கப்பட்ட ஒரு பகுதியை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கின்றோம். உளவுத் திரைப்படங்களில் எதிர்த்தலைவனின் ஏவலில் நின்று அடித்தும் அடிபட்டும் மடியும் அடியாளுக்கு வழங்கப்படும் இசையே அது. இது ஆராய்ச்சிக்குரிய பொருளா என்று சிலர் புன்னகை செய்யக்கூடும். கதைத்தலைவனுக்கு எத்தகைய இசை வழங்கப்படும் என்பது எல்லோரும் அறிந்தது, அதில் வியப்பில்லை. கூலிக்கு நிற்பவனுக்கு ஒரு கலை எதை வழங்குகிறது, எதை வழங்க மறுக்கிறது என்பதிலேதான் அக்கலை உழைப்பவனை எவ்வாறு காண்கிறது என்பது வெளிப்படும் என்று கருதுகின்றோம். தமிழ்ச் சொற்களே இங்கு நமக்குக் குறிப்புத் தருகின்றன. அடியாள் என்கிறோம்; கையாள் என்கிறோம். ஒன்று அடி, மற்றது கை. இரண்டிலும் உறுப்பு உண்டு, முழு மனிதன் இல்லை. ‘அடியார்’ என்ற சொல்லுக்குச் சமயம் அளித்த மதிப்பு, ஈற்றெழுத்து மாறியதும் எங்கே போயிற்று என்பது சொல்லாய்வாளர் சிந்திக்க வேண்டிய வேறொரு விடயம்.

உளவுப்படம் மேலைத்தேயத்திலிருந்து வந்த வடிவமென்பதில் ஐயமில்லை. ஆயினும் பேராதனையிலிருந்து எழுதும் நமக்கு அது முற்றிலும் அந்நியமானதன்று. 1944ஆம் ஆண்டில் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் டில்லியிலிருந்து இங்கு மாற்றப்பட்டபோது, மவுண்ட்பேட்டன் பிரபு மகாவலி வளைந்தோடும் தாவரவியற் பூங்காவைத் தமது பணியிடமாக்கிக்கொண்டார். ஓ.எஸ்.எஸ். எனச் சுருக்கமாக அறியப்பட்ட அமெரிக்க உளவு அமைப்பும் அக்காலத்திற் கண்டியில் ஒரு நிலையத்தை நடத்தியது. பிற்காலத்திற் சமையற்கலை நூல்களாற் புகழ்பெற்ற ஜூலியா சைல்ட் அங்கே இரகசியக் கோப்புகளின் பதிவகத்தைக் கவனித்தவர். உளவின் பெரும்பகுதி கோப்புக்கு எண்ணிடும் வேலையாகவே இருந்திருக்கிறது. போர் முடிந்தபின் அவ்வமைப்பின் பெயரைத் தாங்கிய ஒரு கற்பனை நாயகன் பிரான்சில் தோன்றினான். ஜான் புரூஸ் 1949 முதல் எழுதிய நாவல்களின் நாயகன் ‘ஓ.எஸ்.எஸ். 117’ அவன். அவனைக் கொண்டு பாங்கொக் நகரைக் களமாக்கி 1964இல் வெளிவந்த பிரெஞ்சுப் படத்தைத் தழுவியே, சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1966இல் ‘வல்லவன் ஒருவன்’ படத்தைத் தயாரித்தது. கண்டியில் இயங்கிய ஓர் அலுவலகத்தின் பெயர் பாரிசுக்குச் சென்று, அங்கிருந்து சேலத்திற்கு வந்து, ஜெய்சங்கரின் முகத்தோடு நமது திரையரங்குகளுக்குத் திரும்பியது எனலாம்.

படங்களுக்குட் புகுமுன் கோட்பாடொன்றை நினைவுகூர்தல் பொருத்தமானது. ஒரு பாத்திரம் தோன்றுந்தோறும் ஒலிக்கும் குறித்த இசைக்கூறு ஜேர்மன் மொழியில் லைட்மோட்டிவ் எனப்படும். அதனை அடையாளப்பண் என்போம். வாக்னரின் இசை நாடகங்களோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் இம்முறையைத் திரைப்படம் கடன்பெற்றுக்கொண்டது. இக்கடனை மிகக் கடுமையாக விமர்சித்தது, ஹான்ஸ் ஐஸ்லர் பெயரில் 1947இல் வெளிவந்த திரைப்பட இசையாக்கம் பற்றிய நூல். அதனை ஐஸ்லரோடு சேர்ந்து எழுதிய அடோர்னோ அப்பொழுது தம் பெயரை அதில் இடம்பெறவிடவில்லை. அதற்கும் ஓர் உளவுக்கதை உண்டு. ஐஸ்லரின் சகோதரர் சோவியத் உளவாளியென அமெரிக்காவிற் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த காலம் அது. ஐஸ்லரும் 1948இல் அந்நாட்டினின்று வெளியேற்றப்பட்டார். அந்நூலின் வாதம் சுருக்கமாக இது: வாக்னரின் நாடகம் பல மணிநேரம் விரிவது, அங்கே ஓர் அடையாளப்பண் வளரவும் மாறவும் ஒன்றோடொன்று பின்னவும் இடமுண்டு. துண்டுதுண்டாக வெட்டப்பட்ட திரைப்படத்தில் அதற்கு இடமில்லை. ஆகவே கண்ணாற் காணும் ஒருவரை இசை மறுபடியும் அறிவிக்கிறது; எல்லோர்க்கும் தெரிந்த எசமானைப் பெருமிதத்தோடு கூவி அறிவிக்கும் எடுபிடியின் நிலைக்கு அது தாழ்ந்துவிடுகிறது.

இவ்வுவமை நம்மை நின்று சிந்திக்கவைக்கிறது. எசமானின் வருகையைக் கூவி அறிவிப்பவன் நமக்குப் புதியவனல்லன், அவன் கட்டியகாரன். அடையாளப்பண் கட்டியகாரனாகிவிட்டது என்பதே அந்நூலாசிரியர்களின் முறைப்பாடு. அப்படியாயின், கட்டியகாரனுக்கே ஓர் அடையாளப்பண் வழங்கப்பட்டால் என்ன நிகழும்? ஐரோப்பிய அறிஞர் இருவரும் இக்கேள்வியை எழுப்பவில்லை. எழுப்பத் தேவையும் அவர்களுக்கிருக்கவில்லை. நமக்கு உண்டு, ஏனெனில் நமது கூத்திற் கட்டியகாரனுக்கு வரவு உண்டு.

மட்டக்களப்புப் பிரதேசத்து வடமோடி, தென்மோடிக் கூத்துகளை ஒருமுறையேனும் களரியருகில் அமர்ந்து பார்த்தவர் இதனை அறிவர். அரசன் கொலுவுக்கு வருமுன் கட்டியகாரன் வருகிறான். அவன் வெறுமனே வந்து அறிவித்துவிட்டுப் போவதில்லை. அண்ணாவியார் தாளக்கட்டைச் சொல்ல, மத்தளமும் சல்லரியும் ஒலிக்க, அவன் தன் வரவை ஆடுகிறான். தான் யாரென்று பாடுகிறான். பிற்பாட்டுக்காரர் அவன் பாட்டை எடுத்துப் பாடுகின்றனர். அரசனுக்குரிய தாளக்கட்டு வேறு, பெண்பாத்திரத்திற்குரியது வேறு, இவனுக்குரியது வேறு. களரிக்குள் வருபவன் ஏவலாளாயினும் அவன் வருகை அவனுடையதாகவே நிகழ்கிறது. பிறர் வருகையின் நிழலாக அது நிகழ்வதில்லை. கூத்து ஒரு சமத்துவக் கலை என்று நாம் கூற வரவில்லை. அரசனின் வரவே நீண்டது, அரசனின் உடுப்பே பாரமானது. கட்டியகாரனைப் பார்த்துச் சிரிக்கும்படியே சபை பழக்கப்பட்டிருக்கிறது. யார் எதை ஆடலாம் என்பதைக் கிராமத்துச் சாதி ஒழுங்கு பலவிடங்களில் நிர்ணயித்தும் வந்தது. எனினும், மனிதரைத் தாழ்த்திய ஒரு சமூகத்தின் கலைகூட, களரிக்குள் வந்த எவனையும் தாளமின்றி வரவிடவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

நமது வளாகத்தின் அநுபவமும் இங்கு நினைவுகூரத்தக்கது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’ எனப் பேராதனையிற் கூத்தை மேடைக்குக் கொணர்ந்தபோது, விடிய விடிய ஆடப்பட்ட வடிவத்தைச் சில மணிநேரத்திற்குட் சுருக்க வேண்டியிருந்தது. சுருக்கமென்று வந்தால் முதலிற் குறைவன வரவுகளே. அவற்றுள்ளும் சிறு பாத்திரங்களின் வரவுகளே. அம்முயற்சியின் பெருமையை இது எவ்விதத்திலும் குறைக்கவில்லை. அடோர்னோவும் ஐஸ்லரும் கூறிய காலநெருக்கடி திரைப்படத்திற்கு மாத்திரம் உரியதன்று என்பதையே இங்குக் காட்டுகின்றோம். நேரம் சுருங்கும்போது தன் தாளத்தை முதலில் இழப்பவன் ஏவலாளே.

இனி உளவுப்படத்திற்கு வருவோம். ஜேம்ஸ் பொண்ட் படங்களே இவ்வகையின் இலக்கணத்தை வகுத்தன. அவற்றுள்ளும் 1964இல் வெளிவந்த ‘கோல்ட்பிங்கர்’ அடியாள் என்ற பாத்திரத்திற்கு நிலையான உருவத்தைத் தந்தது. ஹரல்ட் சகாட்டா நடித்த ஒட்ஜொப் பேசுவதில்லை; கனைப்பான், முறுவலிப்பான், விளிம்பிலே உலோகம் பதித்த தொப்பியை வீசிக் கொல்வான். கொரியன் என்று கூறப்படும் அவனுக்குப் பேச்சு மறுக்கப்பட்டமை தற்செயலானதன்று. மேலைத்தேயத் தலைவனைச் சூழ்ந்துநிற்கும் கீழைத்தேய உடல் என்பதே அவன் தொழில். இப்படத்தின் இசைத்தட்டில் ஒரு பகுதிக்கு ஒட்ஜொப்பின் பெயரே தலைப்பாக இடப்பட்டுள்ளது. ஓர் அடியாளின் பெயர் இசைத்தட்டின் உறையில் அச்சேறியது சிறிய காரியமன்று. ஆனால் அப்பகுதியைச் செவிகொடுத்துக் கேட்டால், ஜோன் பாரி அங்கே வளர்த்துச் செல்வது படத்தின் தலைப்புப் பாடலின் மெட்டையே. அதாவது எசமானாகிய கோல்ட்பிங்கரின் மெட்டையே. பெயர் ஏவலாளனுடையது, பண் எசமானுடையது. பிணத்தை ஏற்றிய காரை நசுக்கி உலோகக் கட்டியாக்குவதற்கு ஒட்ஜொப் ஓட்டிச் செல்லும் அந்நெடும்பயணத்தில் அவன் ஒருவனே திரையை நிறைக்கிறான். அப்பொழுதும் இசை அவனைப் பற்றிப் பேசவில்லை. அவனை அனுப்பியவனைப் பற்றியே பேசுகிறது. கூத்தின் மொழியிற் கூறின், அரசனின் தாளக்கட்டுக்குக் கட்டியகாரன் ஆடுகிறான்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சி 1979இல் வெளிவந்த ‘மூன்ரேக்கர்’ படத்தில் உண்டு. உருக்குப் பற்களையுடைய ஜோஸ் என்னும் அடியாளை (நடித்தவர் ரிச்சட் கீல்) 1977ஆம் ஆண்டுப் படத்தில் மக்கள் விரும்பியமையால் மீண்டும் கொண்டுவந்தனர். அவனும் பேசாதவன். இடிபாடுகளுக்குள்ளிருந்து வெளிவரும் அவனுக்குக் கண்ணாடியணிந்த சிறிய பெண்ணொருத்தி கைகொடுக்கிறாள். இருவரும் ஒருவரையொருவர் நோக்கும் கணத்தில் சைக்கோவ்ஸ்கியின் ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ இசையின் காதற்பண் எழுகிறது. இது கேலி என்பதில் ஐயமில்லை. பேருருவான அடியாளுக்கு உயர்குடிக் காதலின் இசையை இட்டு மண்டபத்தைச் சிரிக்கவைக்கும் உத்தி அது. ஆனால் இசைக்கு ஒரு குணமுண்டு. கேலியாக அழைத்து வந்தாலும் அது தன் வேலையைச் செய்துவிட்டே போகும். அக்காட்சிக்குப் பின் ஜோஸ் பழைய ஜோஸ் அல்லன். குறையற்ற உடல்களைக் கொண்டே புதிய மனித குலத்தைப் படைக்கப் போவதாகத் தன் எசமான் கூறும் திட்டத்தில் தனக்கும் அவளுக்கும் இடமில்லை என்பதை அவன் விளங்கிக்கொள்கிறான். எசமானுக்கு எதிராகத் திரும்புகிறான். படத்தின் முடிவிலே முதன்முறையாக வாய் திறந்து ஒரு வாக்கியம் பேசவும் செய்கிறான். முதலிற் சொந்த இசை, பின்னர் சொந்த விருப்பு, ஈற்றிற் சொந்தப் பேச்சு என்ற ஒழுங்கு இங்குக் காணப்படுகிறது. படத்தை ஆக்கியோர் இவ்வொழுங்கை எண்ணித் திட்டமிட்டனர் என நாம் வாதிடமாட்டோம். கேலிக்காகவேனும் அடியாளுக்கு ஒரு பண்ணை வழங்கியதும் கதை அவனை மனிதனாக நடத்தவேண்டிய நிர்ப்பந்தத்துக்குள்ளாயிற்று என்பதே நம் துணிபு.

தமிழ் உளவுப்படங்களில் நிலைமை வேறு. டி. ஆர். சுந்தரம் மறைந்தபின் அவர் மகன் ஆர். சுந்தரத்தின் பொறுப்பில் மொடேர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘வல்லவன் ஒருவன்’ முதல் 1970ஆம் ஆண்டின் ‘சி.ஐ.டி. சங்கர்’ வரையான படங்களுக்கு இசையமைத்தவர் வேதா. இந்தித் திரைப்பாடல்களின் மெட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் என்ற குற்றச்சாட்டோடு அவரை ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கம். அது முழு நீதியன்று. ஏ.வி.எம். நிறுவனத்தின் ‘அதே கண்கள்’ (1967) படத்தின் இசையைக் கேட்போர் அவருடைய ஆற்றலை மறுக்கமாட்டார். எனினும் நாம் எடுத்துக்கொண்ட பொருளைப் பொறுத்தவரை வேதாவின் படங்களில் மட்டுமன்று, அக்காலத் தமிழ்த் துப்பறியும் படங்கள் எதிலுமே ஓர் அடியாளுக்கென்று தனிப்பண் எமது செவியில் எஞ்சவில்லை. எஞ்சுவது ஒரு பொது ஒலி. மறைவிடத்தின் கதவு தானாகத் திறக்கும், கறுப்புக் கண்ணாடியும் கோடுபோட்ட பெனியனும் அணிந்தோர் வரிசையாக நிற்பர், மின்கிற்றாரின் தாழ்ந்த தந்தி அதிரும், பொங்கோ விரையும், பித்தளைக் குழல்கள் ஒருங்கே வெடிக்கும். இவ்வொலி ஆர். எஸ். மனோகரின் ஆட்களுக்கும் பொருந்தும், எஸ். வி. ராமதாசின் ஆட்களுக்கும் பொருந்தும். அடுத்த படத்தின் ஆட்களுக்கும் பழுதின்றிப் பொருந்தும். அது ஒரு மனிதனின் அடையாளமன்று. ஒரு தொழிற்படையின் சீருடை.

கண்டியிலே நிகழ்ந்த இன்னொரு படப்பிடிப்பும் இவ்விடத்து நினைவுக்கு வருகிறது. 1984இல் வெளிவந்த இந்தியானா ஜோன்ஸ் வரிசையின் இரண்டாம் படம் உளவுப்படமன்று. ஆயினும் அதன் தொங்குபாலக் காட்சி, விக்டோரியா அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்திற்கு அருகே 1983இல் எடுக்கப்பட்டது. தலைப்பாகையணிந்த ஏவலாளர் கூட்டத்திற்கு ஜோன் வில்லியம்ஸ் வழங்கியது ஒரு கூட்டுக்குரல். ஆயிரம் பேருக்கும் ஒரே தொண்டை. சேலத்திலும் ஹொலிவூட்டிலும் கணக்கு ஒன்றாகவே இருந்திருக்கிறது.

தமிழ்ப் படத்திற்கு இப்பொது ஒலி வாய்த்தமைக்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. ஐந்தாறு பாடல்களுக்கே இசையமைப்பாளரின் நேரமும் தயாரிப்பாளரின் பணமும் செலவாகும். பின்னணியிசை, படம் வெளிவரும் நாள் நெருங்கியபின் சில நாட்களுள் அவசரமாகப் பதிவுசெய்யப்படும். அந்நாட்களுள் அடியாள் ஒவ்வொருவனுக்கும் பண் யோசிக்க எவருக்கு அவகாசம்? ஆனால் இக்காரணம் மட்டும் போதாது. அதே படங்களில் எதிர்த்தலைவனின் கூடத்தில் ஆடும் பெண்ணுக்குப் பாடல் உண்டு. ‘வல்லவன் ஒருவன்’ படத்தில் எல். ஆர். ஈஸ்வரி பாடிய மாளிகைப் பாடல் படத்தின் கதையை மறந்தோர் நினைவிலும் நிற்கிறது. அவளும் ஏவலுக்கு நிற்பவளே; கதைத்தலைவனை மயக்கும்படி அனுப்பப்பட்டவளே. கவர்ச்சியை விற்கலாம், ஆதலால் அவளுக்குப் பண் கிடைத்தது. அடிவாங்குவதை அக்காலத்தில் இசையாக விற்க வழி அறியப்படவில்லை. அதனை விற்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டபோது என்ன நிகழ்ந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

பண் மறுக்கப்பட்ட தமிழ் அடியாள் வேறொரு வழியாற் செவியைப் பிடித்தான். அது வசனம். 1978இல் ‘சட்டம் என் கையில்’ படத்தில் அடியாளாகத் திரைக்கு வந்த சத்யராஜ், 1985இல் ராஜசேகர் இயக்கிய ‘காக்கி சட்டை’ படத்தில் ‘தகடு தகடு’ என்று ஒரே சொல்லை இழுத்தும் அடுக்கியும் உச்சரித்த முறை நாடெங்கும் சிறுவர் வாயில் விளையாடியது. அதனைத் தாளக்கட்டு என்றே கூறத் தோன்றுகிறது. மூன்று குறில் சேர்ந்த அடுக்கு, ஓர் இடைவெளி, மீண்டும் அடுக்கு; மத்தளத்தில் வாசிக்கக்கூடிய சொற்கட்டு அது. இசையமைப்பாளன் தராததை நடிகன் தன் நாவினால் ஆக்கிக்கொண்டான். வசனத்திற் பழகிய தமிழ்ச் செவியும் அதனை ஏற்றுக்கொண்டது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதற் கலையரங்கு திரையரங்கே என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தமது நூலில் எடுத்துக்காட்டினார். அக்கூரையின் கீழும் விலைவாரியான வரிசைகள் இருந்தன. அடியாளின் பேச்சை முதலில் எடுத்துத் திருப்பிச் சொன்னவர்கள் குறைந்த கட்டணம் செலுத்தி நமது ‘கலரி’யில் அமர்ந்தோர், களரியிற் பிற்பாட்டுக்காரர் செய்த வேலையைக் கலரியிலிருந்தோர் செய்தனர்.

மறு ஆண்டு, 1986இல், அதே ராஜசேகரின் இயக்கத்தில், சுஜாதாவின் எழுத்தில், இளையராஜாவின் இசையில் ‘விக்ரம்’ வெளிவந்தது. தமிழில் முழு உளவுப்படம் என்று கூறத்தக்க முயற்சிகளுள் முதன்மையானது இது. ‘அக்னிபுத்ரா’ என்ற ஏவுகணை, சலாமியா என்ற கற்பனை நாடு, கணனி எல்லாம் இதில் உண்டு. எதிர்த்தலைவன் சுகிர்தராஜாவாக நடித்தவர் சத்யராஜ். அடியாளாகத் தொடங்கியவர் எசமானாகிவிட்டார்! இப்படத்தில் மின்னிசைக் கருவிகளை இளையராஜா கையாண்ட முறை பற்றித் தனியே எழுதவேண்டும். இங்கு ஒன்றை மட்டும் குறிப்பிடுகின்றோம். கமல் ஹாசனே பாடிய தலைப்புப் பாடலின் உயிர், கதைத்தலைவனின் பெயரை அடுக்கிச் சொல்வதிலேதான் உள்ளது. பெயரே பண்ணாகிவிடுகிறது. படத்தின் ஒலிவெளி முழுவதையும் அப்பெயர் நிரப்பிவிட்டபின், எதிரணியில் நின்ற எவனுடைய பெயருக்கும் அங்கே இடமில்லை. இளையராஜா போன்ற நுட்பமான கலைஞர், பிற படங்களிற் சாதாரண கிராமத்தவரின் துயருக்கும் தனித்தனிப் பண் கண்டவர், உளவுப்படத்தின் இலக்கணத்துக்குள் வந்ததும் அதன் படிநிலைக்குக் கட்டுப்படுகிறார் என்பது நமக்கு ஏமாற்றமளிக்கிறது.

முப்பத்தாறு ஆண்டுகளின் பின், 2022 யூனில், லோகேஷ் கனகராஜின் இயக்கத்தில் அதே பெயரும் அதே நாயகனும் மீண்டும் வந்தனர். இப்பொழுது இசை அனிருத். இக்காலப் படத்தில் நிலைமை தலைகீழாகிவிட்டது. யாவருக்கும் பண் உண்டு. ஈற்றிற் சில நிமிடங்களே தோன்றும் றொலெக்ஸ் என்ற எதிர்த்தலைவனுக்குக்கூடத் தனிப்பண் உண்டு. அதுவரை எசமானென நாம் எண்ணிய சந்தனம், அவனுக்குக் கீழ்ப்பட்ட ஏவலாளே என்பது அப்பொழுது தெரியவருகிறது. 1995ஆம் ஆண்டின் ‘அசுரன்’ படத்திற்கு ஆதித்யன் இசையமைத்த பழைய பாடலொன்றும் இப்படத்தினூடாக மறுவாழ்வு பெற்றது. 2017இற் காலமான ஆதித்யன் அதனைக் காண இருக்கவில்லை.

அடியாளுக்கு வரவு கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்து இக்கட்டுரையை முடித்துவிடலாமா? முடியாது. பின்னணியிசை இன்று மண்டபத்தில் விட்டுவரப்படுவதில்லை. அது தனியே வெளியிடப்படுகிறது, கைத்தொலைபேசியின் அழைப்பொலியாகிறது, அரை நிமிடக் காணொளிகளின் கீழே ஓடுகிறது. அடிப்பதும் அடிவாங்குவதும் இசையாக விற்கும் பண்டமாகிவிட்டன. எனவே ஒவ்வொரு பாத்திரத்திற்கும் ஒரு பண் என்பது பாத்திரத்தின் மீதுள்ள மதிப்பினால் அன்று, ஒவ்வொன்றும் ஒரு விற்பனைப் பொருளாகக் கூடும் என்பதனாலேயே நிகழ்கிறது. எதிர்த்தலைவனின் பெயர் ஒரு கைக்கடிகாரத்தின் வணிகப் பெயராக அமைந்தது மிகப் பொருத்தம். கூத்திலே வரவு, பாத்திரம் தன்னை யாரென்று சொல்வதற்கு உதவியது. இங்கோ அது பாத்திரத்தை அடையாளம் காட்டிவிட்டு, மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று முடித்துவிடுகிறது.

இதற்கு விதிவிலக்குப் போலத் தோன்றும் ஒரு பாத்திரம் அப்படத்திலேயே உண்டு. விக்ரமின் வீட்டில் வேலை செய்யும் நடுவயதுப் பெண், வீடு தாக்கப்படும்போது தான் முன்னாள் உளவாளி டீனா என்பதை வெளிப்படுத்துகிறாள். நடன அமைப்பாளரான வசந்தி நடித்த இக்காட்சி திரையரங்குகளிற் பெரும் ஆரவாரத்தைப் பெற்றது. நாமும் ரசித்தோம்; மறைப்பதற்கில்லை. ஆனால் பின்னர் யோசித்துப் பார்க்கையில் ஒரு நெருடல் எஞ்சுகிறது. தேநீர் கொடுத்தும் குழந்தையைப் பார்த்தும் அவள் நடமாடிய வரையில் அவளை எவரும் செவிமடுக்கவில்லை, இசையும் செவிமடுக்கவில்லை. அவள் வேலைக்காரி அல்லள் என்று தெரிந்த கணத்திலேதான் படம் அவளுக்காக நிமிர்கிறது. உண்மையிலே ஒரு வேலைக்காரியாக மட்டும் அவள் இருந்திருப்பின் அவளுக்கு எந்தத் தாளம் ஒலித்திருக்கும்? அவளைக் கொன்றுவிட்டுக் கதை மேலே சென்றிருக்கும்.

திரைக்கு உள்ளே நிற்கும் ஏவலாளரைப் பற்றி இவ்வளவு கூறியபின், திரைக்கு வெளியே நின்றோரையும் குறிப்பிடாமல் விடுவது முறையாகாது. 1962இல் ‘டொக்டர் நோ’ படத்திற்காகப் பதிவாகிய பொண்ட் பண் உலகறிந்தது. அதன் உரிமை யாருடையது என்பது நீதிமன்றம் வரை சென்றது. அதனை ஆக்கியவர் தாமே என்பதை மொன்ரி நோர்மன் 2001இல் இலண்டன் நீதிமன்றில் நிலைநாட்டினார். அதனை ஒழுங்கமைத்து அதன் ஓசைக்கு உருவம் தந்த ஜோன் பாரிக்குக் கிடைத்தது ஒரு சிறு தொகை. இருவருக்கும் அப்பால், அந்த மின்கிற்றாரை மீட்டிய விக் பிளிக் என்ற கலைஞர் ஒரு பதிவுவேளைக்குரிய கூலியைப் பெற்றுக்கொண்டு வீடு சென்றார். உலகம் நினைவில் வைத்திருப்பது அவருடைய விரலின் ஓசையை. அவர் 2024இல் காலமானார். தமிழிலும் கதை இதுவே. இளையராஜா ஜி. கே. வெங்கடேஷின் குழுவிற் கிற்றார் வாசித்தும் உதவியாளராகப் பணியாற்றியும் வந்தவர். அவர் மேலே வந்தமையால் அவ்வாண்டுகள் நமக்குத் தெரிகின்றன. மேலே வராதோர் பலர். அறுபதுகளின் படங்களில் அடியாட்கள் வரிசையாக நின்றபோது தாழ்ந்து அதிர்ந்த அந்தக் கிற்றாரையும் விரைந்த பொங்கோவையும் வாசித்தோர், நாட்கூலிக்கு வந்து வாசித்துவிட்டுச் சென்றோர். பெயர்ப்பட்டியலில் இசையமைப்பாளர் இருப்பார், சிலவேளை உதவியாளரும் இருப்பார். கருவி இசைத்தோர் இடம்பெறுவது அரிது. கூத்துக் களரியில் மத்தளக்காரர் நடுவில் நிற்கிறார். கட்டியகாரன் வரவாடும்போது சுற்றியிருப்போர் இருவர் முகத்தையும் காண்கின்றனர்.